பாட்டியின் ஊர் எது? தேடித் தரும் வானொலி நண்பர்கள்!



தேர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? ராட்டினம், பலூன், பஞ்சு மிட்டாய் எல்லாம் பார்த்திருப்பீர்கள். இடையிடையே ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பும் கேட்டிருப்பீர்கள். "மஞ்சள் சட்டை போட்ட நான்கு வயதுப் பையன் ஒருவன் இங்கே அழுதுகொண்டு நிற்கிறான். பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வரவும்!"

கொஞ்ச நேரத்தில் அம்மா ஓடி வருவார். பையனுக்கு முதுகில் ஓர் அடி, கன்னத்தில் ஒரு முத்தம். கதை சுபமாக முடிந்துவிடும்.

ஆனால், அந்தத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கான பேர் வந்திருந்தால்? காணாமல் போனது பையன் அல்ல, எழுபது வயதுப் பாட்டியாக இருந்தால்? அந்தப் பாட்டி பேசும் மொழி பக்கத்தில் இருக்கும் யாருக்கும் புரியாவிட்டால்? அவரை அழைத்து வந்தவர்கள் தேடித் தேடிக் களைத்து, ரயிலேறி ஊருக்கே போய்விட்டிருந்தால்?

என்ன செய்வது? யாரைக் கேட்பது?

இப்படிப்பட்ட பாட்டிகளையும் தாத்தாக்களையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே ஒரு வானொலிக் கழகம் பாடுபடுகிறது. அவர்களைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வாருங்கள், வங்காளம் வரை போய் வருவோம்.

கங்கை கடலில் சேரும் இடம்

கங்கை நதி இமயமலையில் பிறக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் ஒரு கிளைதான் ஹூக்ளி. கொல்கத்தா நகரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடி வங்காள விரிகுடாவில் கலக்கிறது. அது கலக்கும் இடத்தில் இருக்கும் தீவின் பெயர் சாகர். கொல்கத்தாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம்.

நாம் பொங்கல் பானை வைக்கும் நாளையொட்டி வருவதுதான் மகர சங்கராந்தி. அன்று அங்கே கடலில் நீராடி, கபில முனிவர் கோயிலில் வழிபட லட்சக்கணக்கான மக்கள் கூடுவார்கள். அதற்குக் கங்காசாகர் மேளா என்று பெயர். உத்தரப்பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப்பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள்.

மற்றத் தலங்களுக்கு எத்தனை முறையும் போகலாம், கங்காசாகருக்கு ஒரு முறை போனாலே பெரிது என்று வடநாட்டில் ஒரு சொலவடை உண்டு. ஏன் தெரியுமா? பயணம் அவ்வளவு சிரமம்! முதலில் ரயில். பிறகு பேருந்து. பிறகு அகலமான ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் படகு ஓடாது. பனிமூட்டம் வந்தாலும் ஓடாது. அக்கரை சேர்ந்ததும் மறுபடியும் 30 கிலோமீட்டர் பேருந்துப் பயணம்.

இந்த நெரிசலில் கை நழுவினால் போதும். யார் எங்கே போனார் என்று தெரியாது. வயதானவர்கள்தான் அதிகம் தவித்துப்போவார்கள்.

ஹாம் என்றால் யார்?

இங்கேதான் நம் கதாநாயகர்கள் வருகிறார்கள். அவர்கள் பெயர் ஹாம்!

வீட்டு வானொலியில் பாட்டுக் கேட்கிறோம். நிலையத்தார் பேசுவார்கள், நாம் கேட்போம். நாம் திருப்பிப் பேச முடியாது. ஆனால் ஹாம் வானொலியில் இரண்டு பக்கமும் பேசலாம். வீட்டிலேயே சொந்தமாக ஒரு சின்ன வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள மற்ற ஹாம்களுடன் பேசுவார்கள். ஆசிரியர், டாக்டர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று எல்லாத் தொழிலிலும் ஹாம்கள் உண்டு. இது அவர்களுக்குத் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. இதில் காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது என்பது சட்டம்.

நினைத்தவர்கள் எல்லாம் இதைச் செய்ய முடியாது. அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்க வேண்டும். அப்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி தருவார்கள். நம் வீட்டு வண்டிக்கு நம்பர் இருப்பதுபோல! இந்திய ஹாம்களின் குறி 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு 'வி.யு.4', லட்சத்தீவுக்கு 'வி.யு.7'. குறியைக் கேட்டதும் குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே ஊரில் இருக்கும் ஹாம்கள் ஒன்றுகூடிக் கழகம் அமைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு கழகம்தான் மேற்கு வங்க ரேடியோ கிளப்.

"எந்தப் புதூர் பாட்டி?"

மேளா நாள்களில் இந்தக் கழகத்தார் சாகர் தீவுக்குப் போய்விடுவார்கள். ஏரியல் கம்பத்தை நட்டு முகாம் போடுவார்கள். கையடக்க வானொலிக் கருவிகளோடு கூட்டத்துக்குள் நிற்பார்கள். கூட்டம் பெருத்துவிட்டால் மொபைல் போன் தொடர்பு திணறும். ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழையப் பார்த்தால் என்ன ஆகும்? அதுபோலத்தான். ஹாம்களின் கருவிக்கு மொபைல் கோபுரம் தேவையில்லை. ஒரு கருவி இன்னொரு கருவியுடன் நேராகப் பேசும்.

வழி தவறி நிற்கும் ஒரு பாட்டியை முகாமுக்கு அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"பாட்டி, உங்கள் ஊர் எது?"

"ராம்பூர்."

இது போதுமா? போதாது! வடநாட்டில் எத்தனையோ ராம்பூர்கள் உண்டு. நம் பக்கத்தில் ஒருவர் "எனக்குப் புதூர்" என்று சொன்னால், "எந்தப் புதூர்?" என்று கேட்போம் அல்லவா? அதே கதைதான். மாவட்டம் எது என்று பாட்டிக்குத் தெரியாது. போன் நம்பரும் தெரியாது. பயத்தில் அவருக்கு அழுகைதான் வருகிறது.

ஹாம்கள் அவசரப்பட மாட்டார்கள். முதலில் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். பிறகு மெல்ல மெல்லக் கேட்பார்கள்.

"உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா? சந்தை எந்தக் கிழமை கூடும்? எந்தச் சாமிக்குத் திருவிழா? உடம்பு சரியில்லை என்றால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்? ரயில் ஏறிய ஸ்டேஷன் பெயர் ஞாபகம் இருக்கிறதா?"

பாட்டி பேசும் பேச்சின் சாயலையும் கவனிப்பார்கள். மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் வேறு வேறாகக் கேட்கிறதே, அதுபோல இந்தியிலும் பகுதிக்குப் பகுதி பேச்சு மாறும். எந்த வட்டாரத்துப் பேச்சு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது!

பிறகு இந்தக் குறிப்புகள் அந்தப் பகுதியில் இருக்கும் ஹாம் நண்பர்களுக்குப் போகும். இப்போதெல்லாம் மொபைலில் புகைப்படமும் அனுப்புகிறார்கள். அங்கே இருக்கும் ஹாம் விசாரிப்பார். காவல் நிலையத்தில் கேட்பார், ஊர்த் தலைவரைக் கேட்பார். "ஆற்றங்கரையில் ராம்பூர், செவ்வாய்க்கிழமைச் சந்தை" என்று தேடித் தேடி ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பார். படத்தைக் காட்டியதும், "ஐயோ, எங்கள் அம்மா!" என்று ஒரு மகன் கதறுவார்.

நான் சொன்ன ராம்பூர் பாட்டி கற்பனை. ஆனால் இந்த வேலை உண்மை. ஆண்டுதோறும் மேளாவில் வழி தவறியவர்களை இப்படிக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன்பே காணாமல் போய், ஆஸ்பத்திரியிலும் தெருவோரத்திலும் கிடந்தவர்களுக்கும் வீட்டைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். சிலருக்கு வீடு எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தில் இருந்ததும் உண்டு.

விளையாட்டா, பயிற்சியா?

இவ்வளவு பொறுமையும் கவனமும் இவர்களுக்கு எப்படி வந்தது? பயிற்சிதான், குழந்தைகளே! ஆனால் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஹாம் கழகங்களில் 'நரி வேட்டை' என்று ஒரு போட்டி வைப்பார்கள். நிஜ நரி இல்லை, பயப்படாதீர்கள்! ஒரு சின்ன ஒலிபரப்புக் கருவியைப் புதரிலோ, பாலத்தடியிலோ ஒளித்து வைத்துவிடுவார்கள். அதுதான் நரி. அது விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும். ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தத் திசையில் சத்தம் பலமாக இருக்கிறது என்று கண்டுபிடித்துப் போக வேண்டும். முதலில் நரியைப் பிடிப்பவருக்குப் பரிசு.

இன்னொரு நாள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைக்கோ வயல்வெளிக்கோ போவார்கள். மின்சாரம் கிடையாது. பேட்டரியை வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் கம்பியைக் கட்டி, எத்தனை ஊர்களோடு பேச முடிகிறது என்று பார்ப்பார்கள்.

கம்பியை எவ்வளவு நீளம் கட்டுவது? அதற்கும் கணக்கு உண்டு. ஒளியைப் போலவே வானொலி அலையும் ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் கணக்கால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 43 மீட்டர். அதில் பாதி, அதாவது 21 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பி கட்டினால் போதும். வகுத்தல் கணக்கு எதற்கு என்று கேட்பீர்களே, பார்த்தீர்களா!

இந்த நீளமான அலைகள் வானத்தில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வரும். சுவரில் எறிந்த ரப்பர் பந்து போல! அதனால்தான் சின்னக் கருவியிலிருந்து கிளம்பும் குரல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கேட்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. புதிதாகச் சேருகிற ஹாமுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், பேசுவது அல்ல. கேட்பது! ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால் இருவர் பேச்சும் கெட்டுப் போகும். இரைச்சலுக்கு நடுவே மெலிதாக ஒரு குரல் வந்தால், காதைத் தீட்டிக்கொண்டு அதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

பாட்டி அழுகைக்கு நடுவே சொன்ன "செவ்வாய்க்கிழமைச் சந்தை" அவர்கள் காதில் விழுந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

விளையாட்டு வினையான நாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதியைப் பெரியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சுனாமி வந்த நாள். நம் நாகப்பட்டினம் கடற்கரை பட்ட பாட்டை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்த டிசம்பர் மாதம் அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு முகாமிட்டிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணிதான் தலைவி. அந்தமானிலிருந்து ஹாம் குரல் ஒலித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அனுமதிக்காக வெகு நாள் முயன்று, அந்த ஆண்டுதான் அவர் அங்கே போயிருந்தார். 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' என்ற அவருடைய குறியைக் கேட்டதும் உலகமெங்கும் உள்ள ஹாம்கள் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். எல்லாம் மகிழ்ச்சிக்காகத்தான்.

26ஆம் தேதி அதிகாலை பூமி அதிர்ந்தது. மின்சாரம் நின்றது. தொலைபேசிகள் ஊமையாயின. கடல் தீவுகளுக்குள் புகுந்தது. அந்தமானில் என்ன ஆயிற்று, யார் பிழைத்திருக்கிறார்கள் என்று கரையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

பொழுதுபோக்குப் பேச்சை அந்த நிமிஷமே நிறுத்தினார் பாரதி. கையில் இருந்த கருவிகளைக் கொண்டு அவசர நிலையமாக மாற்றிக்கொண்டார்கள். "நான் உயிரோடு இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்" என்று தீவில் இருந்தவர்கள் சொன்ன சேதி, இந்திய நிலப்பகுதியில் இருந்த ஹாம்கள் மூலம் வீடுகளுக்குப் போயிற்று. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட கார் நிகோபார் தீவுக்கும் ஹாம்கள் போய் நிலையம் அமைத்தார்கள்.

ஐந்தே வார்த்தைச் சேதிதான். ஆனால் அதற்காகக் காத்திருந்த தாய்க்கு அதைவிடப் பெரிய சேதி உலகத்தில் ஏது?

நீங்களும் செய்யலாம்!

"எங்களுக்கும் ஆசையாக இருக்கிறதே ஐயா!" என்கிறீர்களா? நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர்கள் ஹாம் தேர்வு எழுதலாம். மின்னியல், வானொலி பற்றிய எளிய பாடங்களும் விதிமுறைகளும் கேட்பார்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஆகவே பக்கத்தில் ஹாம் கழகம் இருந்தால் அப்பா அம்மாவோடு போய்ப் பாருங்கள். அதுவரை வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகள் தருகிறேன்.

1. மோர்ஸ் எழுத்து: புள்ளியும் கோடும் சேர்ந்த தந்தி மொழி இது. புள்ளியை 'டி' என்றும், கோட்டை 'டா' என்றும் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து 'ஏ' என்பது டி டா. 'எம்' என்பது டா டா. அப்படியானால் 'அம்மா' எப்படி? டி டா, டா டா, டா டா, டி டா! மேசையில் தட்டியோ, டார்ச் விளக்கை மின்னவிட்டோ பழகலாம்.

2. சேதி ஓட்டம்: பத்துப் பேர் வரிசையாக உட்காருங்கள். "நாளை மாலை நாலரை மணிக்கு ஏழாம் எண் படகில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்" என்ற சேதியை முதல் ஆள் அடுத்தவர் காதில் சொல்ல வேண்டும். கடைசி ஆளிடம் வரும்போது என்னவாக மாறியிருக்கிறது என்று பாருங்கள். சிரிப்பு வரும்! இப்போது வேறொரு சேதியை வைத்து மறுபடி விளையாடுங்கள். இந்த முறை, கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, "சரி" என்ற பிறகுதான் அடுத்தவரிடம் போக வேண்டும். வித்தியாசம் தெரியும். ஹாம்கள் ஏன் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கும்.

3. பாட்டியின் ஊர்: இதுதான் முக்கியம். உங்கள் பாட்டி அல்லது தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். அவர் பிறந்த ஊருக்குப் பத்து அடையாளங்கள் கேட்டு எழுதுங்கள். ஆறா, ஏரியா? சந்தை என்றைக்கு? கோயில் எது? பக்கத்து ரயில் நிலையம் எது? ஊர் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, அந்தப் பத்து அடையாளங்களைக் கொண்டே அந்த ஊரை வேறொருவரால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அப்படியே இன்னொரு வேலையும் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் திருவிழாவுக்கோ யாத்திரைக்கோ கிளம்பும்போது, பெயர், ஊர், மாவட்டம், போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை அவர்கள் சுருக்குப் பையிலோ சட்டைப் பையிலோ வைத்து அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஐந்து வருடப் பிரிவைக்கூட அது தடுத்துவிடும்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். கேள்வி கேட்டால் "சார், நான்! சார், நான்!" என்று கை தூக்கப் பல பேர் இருப்பார்கள். அடுத்தவன் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளை சிலர்தான். ஹாம் கழகங்களின் கதையைப் படித்தபோது அந்தச் சில பிள்ளைகளின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நீங்கள் நாளைக்கு ஹாம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் இன்று சாயங்காலமே நல்ல காதுக்காரர் ஆகிவிடலாம். பாட்டி திண்ணையில்தானே இருக்கிறார்? போய்க் கேளுங்கள்!

தெரிந்துகொள்ளுங்கள்

* இந்திய விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே கொல்கத்தாவில் கம்பியில்லா அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

* இந்தியாவின் முதல் ஹாம் அமரேந்திர சந்திர குப்து. ஆண்டு 1921.

* விண்வெளியிலிருந்து ஹாம் வானொலியில் பேசிய முதல் மனிதர் அமெரிக்க விண்வெளி வீரர் ஓவன் கேரியட். ஆண்டு 1983.

* ஹாம்களுக்காகவே இந்தியா 'ஹாம்சாட்' என்ற சிறிய செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அது 2014 வரை பணியாற்றியது.

* ஹாம்கள் பேச்சை முடிக்கும்போது '73' என்பார்கள். 'அன்பான வாழ்த்துகள்' என்று அர்த்தம். உங்களுக்கும் 73, குழந்தைகளே!